பீங்கானில் பாதி மரக்கறி

 

யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து ஒரு சகோதரி இப்படிக் கேட்டிருக்கிறார்: "எனக்கும் என் கணவருக்கும் சீனி வருத்தம். சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டும்படி கிளினிக்கில் சொன்னார்கள். சோற்றைக் குறைத்துவிட்டோம். மரக்கறியை எப்படிக் கூட்டுவது என்றுதான் தெரியவில்லை. போஞ்சியும் உருளைக்கிழங்கும் பருப்பும் தவிர எங்கள் வீட்டில் வேறெதுவும் இறங்காது. திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் பெயர் தெரியாத இலைகளும் காய்களும் குவிந்து கிடக்கின்றன. நான் பிறந்து வளர்ந்தது புத்தளத்தில். எதை வாங்குவது, எப்படி ஆக்குவது?"

மிகச் சரியான கேள்வி. சோற்றைக் குறைப்பவர்கள் அந்த வெற்றிடத்தை வேறொன்றால் நிரப்பாவிட்டால் என்ன நடக்கும்? பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். பதினோராம் நாள் பசி தாங்காமல் பிஸ்கட் டின்னைத் திறப்பார்கள். பிறகு பழைய பீங்கானுக்கே திரும்பிவிடுவார்கள். "எனக்கு இந்தப் பத்தியம் ஒத்துவராது" என்று ஒரு பேச்சும் அதோடு சேர்ந்துகொள்ளும். 2018-2019இல் நாடு தழுவி நடந்த ஆய்வொன்று, இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அப்படியானால் இது ஒரு வீட்டுப் பிரச்சினையாகவா இருக்கும்? தெருவுக்குத் தெரு இதே கதைதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அவித்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாப்பொருள் இருக்கிறது. நம் வீட்டு ஆண்கள் பகலில் எடுக்கும் ஒரு பீங்கான் சோறு 300 கிராமுக்குக் குறையாது. இது எண்பது கிராமுக்கு மேற்பட்ட மாப்பொருள். உடலுக்குள் சீனியாக மாறும்போது பதினாறு தேக்கரண்டி சீனிக்கு ஈடு. அதே 100 கிராம் புடலங்காயிலோ சுரைக்காயிலோ பாவற்காயிலோ இருப்பது மூன்று நான்கு கிராம் மட்டுமே. பீர்க்கங்காயும் பசளியும் இந்தக் கூட்டம்தான். வயிற்றை நிரப்பும், இரத்தத்தில் சீனியை ஏற்றாது. மாப்பொருளைக் குறைப்பது இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்த உதவும் என்பதற்குத்தான் உணவு முறைகளிலேயே அதிக ஆதாரம் இருக்கிறது என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2019இல் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1922 ஜனவரியில் ரொறன்ரோவில் முதன்முதலாக ஒரு நோயாளிச் சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போடப்படும் வரை சலரோகத்துக்கு உணவுக் கட்டுப்பாடு ஒன்றே வைத்தியமாக இருந்தது. மரக்கறியை மூன்று முறை தண்ணீர் மாற்றி அவித்து, அதிலிருக்கும் கொஞ்ச மாப்பொருளையும் கழுவி ஊற்றிவிட்டுக் கொடுத்த டொக்டர்கள் அக்காலத்தில் இருந்தார்கள்! அல்ஹம்துலில்லாஹ், நமக்கு அந்தக் கொடுமை இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சோற்றை விட்டுவிட்டோம் என்று சொல்லி இரவில் குரக்கன் பிட்டு இரண்டு குழல் சாப்பிடும் வீடுகளை எனக்குத் தெரியும். குரக்கனில் நாரும் கல்சியமும் கூடுதல், நல்லதுதான். ஆனால் மாப்பொருள் அரிசிக்குக் கிட்டத்தட்டச் சமம். சிவப்பரிசியும் ஆட்டா மாவும் அப்படியே. நிறம் மாறினால் கணக்கு மாறாது. கிழங்குகளின் கதை இதைவிட மோசம். மரவள்ளியில் 100 கிராமுக்கு 38 கிராம் என்பது சோற்றையும் மிஞ்சிய அளவு. இராசவள்ளி, பனங்கிழங்கு, ஒடியல் மா, ஈரப்பலாக்காய், பலாக்கொட்டை எல்லாம் சோற்றின் உறவினர்கள். யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ் நண்டும் இறாலும் போட்டுக் காய்ச்சினால் எவ்வளவு ருசி என்பதை நான் மறுக்கவில்லை. அதைக் குடிக்கும் நாளில் சோறு வேண்டாம், அவ்வளவுதான். கரட்டும் பீற்றூட்டும் நடுத்தரம், 100 கிராமுக்குப் பத்துக் கிராம் அளவில். கொஞ்சம் சாப்பிடலாம். உருளைக்கிழங்கை மரக்கறி என்று நினைப்பதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இனி, அந்தச் சகோதரி எழுதிய பெயர் தெரியாத இலைகளுக்கு வருவோம்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். பலர் புத்தளத்துக்கும் கற்பிட்டிப் பக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். முகாமில் கிடைத்தது அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி. உலர் உணவு நிவாரணத்தில் முசுட்டை இலை வருமா? வேலியில் படர்ந்ததைப் பறித்துச் சமைத்தவர்களுக்கு வேலியே இல்லாமற் போனது. கிடுகுக் கொட்டிலில் ஓர் அடுப்பு, ஒரு சட்டி. அதில் வயிறு நிறைய வேண்டுமானால் சோறும் ரொட்டியும் பருப்பும்தான். உம்மாமார் ஆக்காததைப் பிள்ளைகள் பார்க்கவில்லை. பார்க்காததை அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஊட்டவில்லை. நம் சமூகத்தில் சீனி வருத்தம் வந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, பல காரணங்கள் உண்டு. ஆனால் 2002க்குப் பிறகும் 2009க்குப் பிறகும் சோனகத் தெருவுக்கும் பொம்மைவெளிக்கும் திரும்பிய குடும்பங்களில், வீட்டைத் திருப்பிக் கட்டியவர்கள் உண்டு. உம்மும்மாவின் கறிச் சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் குறைவு. சந்தையில் குவிந்து கிடக்கும் 'புது' மரக்கறிகளில் பாதி, யாழ்ப்பாணத்து அடுப்படிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியவை.

முசுட்டையிலிருந்தே தொடங்குங்கள். மாரி மழைக்கு வேலிகளில் தளதளவென்று படரும் கொடி. இலை இதய வடிவில் இருக்கும், பின்பக்கம் வெள்ளிபோல மினுங்கும், தொட்டால் பட்டுத் துணிதான். இலைகளை நன்றாகக் கழுவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுருட்டி, புகையிலை நறுக்குவதுபோல மெல்லியதாக அரிய வேண்டும். இதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது; பெரிதாக அரிந்தால் பிள்ளைகள் வாயில் வைக்க மாட்டார்கள். சட்டியில் சிறிது எண்ணெய் விட்டுச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, கோது நீக்கிய சின்ன இறாலை ஒரு பிடி போட்டு, அது சிவந்ததும் அரிந்த இலையைப் போடுங்கள். தண்ணீர் விட வேண்டாம். மஞ்சள், உப்பு, கடைசியில் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ. சுருண்டு வந்ததும் இறக்கித் தேசிக்காய்ப் புளி விட வேண்டியதுதான். இறால் இல்லாத நாளில் மாசி இடித்துப் போடலாம். முருங்கையிலைக்கும் இதே முறைதான். அகத்தியும் இப்படியே, கசப்பைக் குறைக்கத் தேங்காய்ப்பூவைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

இதுவரை நாம் வறையைப் பீங்கானின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி, சம்பலைப்போல வைத்துத் தொட்டுக்கொண்டோம். இனி வறைதான் சாப்பாடு, சோறுதான் தொட்டுக்கொள்ள. பீங்கானில் பாதி மரக்கறி, கால் பங்கு மீனோ இறைச்சியோ முட்டையோ, மீதிக் கால் பங்கில் சோறு. ஆகவே நான்கு பேருக்கு ஒரு பிடி இலை போதாது. நான்கு கட்டு வாங்க வேண்டும். "இவ்வளவா?" என்று பயப்படாதீர்கள், சட்டியில் சுருண்டால் கால்வாசிதான் மிஞ்சும்.

அடுத்தது சுண்டங்கத்தரி. பட்டாணியைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய், கொத்துக் கொத்தாக விற்பார்கள். புத்தளத்தில் சிங்களச் சகோதரிகள் திப்பட்டு என்று சமைத்ததும் இதுவே. காயை அம்மிக் குழவியால் மெல்லத் தட்டி, உடைந்ததும் உப்புத் தண்ணீரில் போட்டு அலசினால் விதைகள் கழன்று கசப்பும் குறையும். பிறகு எண்ணெயில் வதக்கி, வெங்காயம், வெந்தயம், தூள் போட்டு, தேங்காய்ப் பால் விட்டு, சிறிது பழப்புளியும் சேர்த்தால் இறைச்சி ஆணத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். தேங்காய்ப் பாலைக் கண்டு பயப்பட வேண்டாம். அதில் மாப்பொருள் சொற்பம். ஆனால் கொழுப்பு உண்டு, உடற்பாரம் கூடியவர்கள் இரண்டாம் பாலோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

வாழைப்பொத்தியைச் சிலர் வெட்டத் தெரியாததாலேயே வாங்குவதில்லை. மேல் மடல்களை வெளிறிய நிறம் வரும் வரை உரித்துவிட்டு, உள்ளே இருப்பதை உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீருக்குள்ளேயே மெல்லியதாக அரிந்து போடுங்கள். கை கறுக்காமலிருக்க எண்ணெய் பூசிக்கொள்ளலாம். பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிழிந்தெடுத்தால் கயர் போய்விடும். மிச்சம் முசுட்டை வறை போலத்தான்.

சுரைக்காயைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு நம் வீடுகள்மீது சிறிது கோபம் வருவதுண்டு. "தண்ணிக் காய்" என்று ஒதுக்கிவிடுகிறோம். ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தியை நினைத்துப் பாருங்கள். ஒரு தையற்காரர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட ஆணமும் வைத்தார். கூடப் போயிருந்த அனஸ் (ரழி) அவர்கள், நபியவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுப்பதைக் கண்டார்கள். அன்று முதல் சுரைக்காய்மீது தமக்கும் விருப்பம் உண்டாகிவிட்டது என்றார்கள். ஒரு மரக்கறியைப் பழகுவது எப்படி என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? நேசிப்பவர் விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்தால் போதும். உப்புக்கண்டமும் நமக்குப் புதிதில்லையே. இரண்டு துண்டை ஊறவைத்து உப்பை நீக்கிவிட்டு, மிளகும் சீரகமும் போட்டு, பெரிய துண்டுகளாக வெட்டிய சுரைக்காயோடு ஆக்கிப் பாருங்கள். பிறஷர் இருப்பவர்கள் உப்புக்கண்டத்துக்குப் பதிலாகப் புது இறைச்சி போடலாம்.

பாவற்காயை வட்டமாக அரிந்து உப்புப் பிசறிப் பிழிந்து, சட்டியில் கொஞ்ச எண்ணெயில் முறுக வாட்டி, வெங்காயம், தக்காளி, மாசி, தேசிக்காய் சேர்த்துச் சம்பலாக்கினால் கசக்கிறது என்பவர்களும் சாப்பிடுவார்கள். புடலங்காய், பீர்க்கங்காய், வெண்டிக்காய், கோவா பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கோவாவை வறையாக்கி, முட்டை ஒன்று உடைத்துக் கிளறினால் இரவுச் சாப்பாட்டுக்கு அதுவே போதும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் பூக்கோவாவைத் துருவிச் 'சோறு' என்று சாப்பிடுகிறார்கள். இங்கே பூக்கோவா விலைக்கு அது கட்டுப்படியாகாது. பிட்டு இல்லாமல் இருக்க முடியாதவர்கள் கீரைப் பிட்டு அவியுங்கள், மா ஒரு பங்குக்கு அரிந்த கீரை இரண்டு பங்கு, கொஞ்சம் இறாலும்.

பக்குவம் தெரியாவிட்டால் விற்பவரிடமே கேளுங்கள். திருநெல்வேலியிலும் சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் கீரைக் கட்டுகளோடு இருக்கும் அம்மாமார் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சமையலே சொல்லித்தருவார்கள். "எங்கட உம்மும்மாவும் இதைத்தான் ஆக்கினவவாம்" என்று நீங்கள் சொன்னால், அவர்களுக்கும் ஒரு பழைய அயல்வீட்டின் ஞாபகம் வரக்கூடும். எனக்குத் தெரிய அப்படிச் சில பேச்சுகள் சந்தையில் அரை மணித்தியாலம் நீண்டிருக்கின்றன. தெரியாத இலையை வேலியிலிருந்து ஊகித்து மட்டும் பறிக்காதீர்கள். ஒன்றைப்போல இன்னொன்று இருக்கும்.

வீட்டு ஆண்கள் என்ன சொல்வார்கள் என்பது அடுத்த தொல்லை. மீனோ இறைச்சியோ இல்லாத சாப்பாட்டைச் சாப்பாடாகவே எண்ணாதவர்கள் நம்மில் அதிகம். அதனால்தான் இறாலையும் மாசியையும் முட்டையையும் கூடவே எழுதினேன். ஒரே நாளில் மூன்று புது மரக்கறி வைத்து யுத்தம் தொடங்காதீர்கள். கிழமைக்கு ஒன்று போதும், அதையும் அவருக்குப் பிடித்த மீன் குழம்புக்குப் பக்கத்தில் வையுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிட்டு அடுத்த கிழமை வேறு விதமாக ஆக்குங்கள். நபி (ஸல்) அவர்கள் முன் பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது, தம் ஊரில் பழக்கமில்லாதது என்று கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராம் என்று தடுக்கவுமில்லை. பக்கத்திலிருந்த காலித் பின் வலீத் (ரழி) அவர்கள் இழுத்துச் சாப்பிட்டார்கள். பழக்கமில்லாததில் மனம் செல்லாமலிருப்பது மனித இயல்பு. சாப்பாட்டில் குறை சொல்லாமலிருப்பது சுன்னத். இதை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள், நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்!

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள், டொக்டரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு பழைய சோற்றுக்காகத் தீர்மானிக்கப்பட்டது. சோறு பாதியாகி மருந்து அப்படியே இருந்தால் சீனி கீழே விழும். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று, சில வேளை மயக்கம் வரைக்கும் போகும். எம்பகிளிஃப்ளோசின், டபகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாப்பொருளை முற்றாக நிறுத்துவது வேறு விதமான ஆபத்து. வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைச் சட்டென்று கூட்டினால் அந்த மருந்தின் வேலை குறையும். சிறுநீரகப் பாதிப்புள்ளவர்களுக்குக் கீரையின் பொட்டாசியமே பிரச்சினையாகலாம். ஆகவே நீங்கள் என்ன மாற்றம் செய்யப்போகிறீர்கள் என்பதை அடுத்த கிளினிக்குக்கு முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு பழக்கம், சீனி குறையும் என்று எதையாவது அரைத்துச் சாறாகக் குடிப்பது. காமரங்காய், பிலிங்காய்ச் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி இலங்கை, இந்திய டொக்டர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். கறியில் ஒன்றிரண்டு காய் போடுவது வேறு, வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் குடிப்பது வேறு. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் காமரங்காய் சிறிதளவும் ஆகாது. கொவ்வை இலை இரத்தச் சீனியைக் குறைத்ததாக 2011இல் நம் நாட்டு ஆய்வொன்று வெளியானது உண்மை. அது நோயில்லாதவர்களிடம் செய்த சிறிய சோதனை. கொவ்வை இலையையும் சிறுகுறிஞ்சாவையும் கறியாகச் சாப்பிடுங்கள், குளிசையை நிறுத்திவிட்டு அல்ல.

கல்யாண வீட்டுச் சஹனில் ஐந்தாறு பேர் சேர்ந்து சாப்பிடும்போது யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? போவதற்கு முன் வீட்டில் ஒரு கிண்ணம் வறையும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சஹனில் இறைச்சிப் பக்கமாக உட்காருங்கள், வட்டிலப்பத்தை ஒரு கரண்டியோடு விடுங்கள். ரமழானில் நோன்புக் கஞ்சிக்கும் இதே அளவுதான், சிறு கிண்ணம். நோன்பு பிடிக்கலாமா, மருந்தை ஸஹருக்கு மாற்றலாமா என்பதை ஷஃபானிலேயே டொக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சோனகத் தெருவின் ஒடுங்கிய வளவுகளில் தோட்டம் எங்கே போடுவது என்று கேட்பீர்கள். பசளியும் வல்லாரையும் உடைந்த வாளியில்கூட வரும், கை கழுவும் தண்ணீர் போதும். சுவரோரம் ஒரு முழ அகலம் இருந்தால், கைத்தடி மொத்தத்தில் முருங்கைக் கொப்பு ஒன்றை வெட்டி, ஒரு முழ ஆழத்தில் ஊன்றி, மேல் நுனியில் சாணியோ களிமண்ணோ அப்பிவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், அளவோடு ஊற்ற வேண்டும். சில மாதங்களில் இலை பறிக்கலாம், இன்ஷா அல்லாஹ்.